பி.ஆர்க் சேர நினைக்கிற தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகளுக்கு: பிளஸ் ஒன்னில் இருந்து முதல் செமஸ்டர் வரை

ஜூன் பிறந்தால் என் போன் ஓயாது. பாலக்கோட்டில் இருந்து ஒருவர், ஊத்தங்கரையில் இருந்து ஒருவர், எல்லாரும் சொந்தத்துக்குச் சொந்தம். பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்கும். "பையன் நல்லா படம் வரைவான் தம்பி. பிளஸ் டூவுல மார்க்கும் வந்திருக்கு. ஆர்க்கிடெக்ட் ஆக்கிடலாம்னு இருக்கோம். எந்தக் காலேஜ்ல போடலாம்?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "நாட்டா எழுதியாச்சுங்களா?"

"அது என்னது?"

இந்த இரண்டு மாவட்டங்களில் பி.ஆர்க், அதாவது கட்டடக்கலைப் பட்டப்படிப்பு, படிக்கும் ஆசை முக்கால்வாசி இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது. மார்க் இருக்கும், கையும் ஓடும், சில வீடுகளில் பணமும் இருக்கும். ஆனால் நாட்டா என்று ஒரு நுழைவுத் தேர்வு இருப்பதே ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் தேர்வுக்காலம் முக்கால்வாசி முடிந்திருக்கும். அதனால் இதை பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளையை மனதில் வைத்து எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்தவர்கள் தேர்வு பற்றிய பகுதியை முதலில் படித்துவிட்டு, அப்புறம் மேலே வாருங்கள்.

ஒரு வாரம் அளந்து பாருங்கள்

எந்தப் படிவத்தையும் தொடுவதற்கு முன்னால் ஐந்து மீட்டர் டேப் ஒன்று வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். உங்கள் வீட்டை அளந்து, கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று பிளான் வரையுங்கள். சுவர் எத்தனை அங்குலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது, மாடிப்படி ஒன்றின் உயரம் என்ன, அகலம் என்ன. முதல் நாள் நீங்கள் வரைந்த பிளான் மூடாது. ஹாலின் நீளமும் அதற்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைகளின் நீளமும் ஒத்துவராது. சுவர்க் கனத்தை விட்டிருப்பீர்கள். திரும்பப் போய் அளக்க வேண்டும்.

அந்த நேரத்தில் எரிச்சல் வருகிறதா, இல்லை எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். ஆர்வம் வந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும். அழகாக முகம் வரைபவர்கள் இதில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். கோடு கோணலாகப் போடுகிற பையன் ஒருவன், தன் வீட்டுச் சமையலறையில் அம்மா அடுப்புக்கும் தொட்டிக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை நடக்கிறார் என்று எண்ணிக்கொண்டு வந்தான். இன்று அவன் நல்ல ஆர்க்கிடெக்ட்.

பி.ஆர்க் என்பது என்ன

ஐந்து ஆண்டுப் படிப்பு, பத்து செமஸ்டர். சிவில் இன்ஜினியரிங்கோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் பஞ்சாயத்து அப்ரூவலுக்கு பிளான் போட்டுத் தருபவரை எல்லாம் 'இன்ஜினியர்' என்றுதான் சொல்கிறோம். அதனால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் வந்துவிட்டது. கட்டடம் விழாமல் நிற்கிற கணக்கு சிவிலின் பொறுப்பு. அந்தக் கட்டடத்தில் யார், எப்படி, எந்த வெளிச்சத்தில் வாழப்போகிறார்கள் என்பதில் தொடங்கி அதை முழுசாக யோசிப்பது ஆர்க்கிடெக்டின் வேலை. கணக்கு அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்திலும் வேறுபாடு உண்டு. 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன் பெயரோடு 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். பதிவுக்கு அந்த கவுன்சில் ஏற்றுக்கொண்ட பட்டம் வேண்டும். இன்டீரியர் டிசைன் டிப்ளமோவோ, ஆறு மாத ஆட்டோகேட் சான்றிதழோ இதற்கு ஆகாது. இது பின்னால் கல்லூரி தேடும்போது உதவும்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்களும், கணக்குப் பாடம் இருந்தால், பி.ஆர்க் சேரலாம். ஆனால் இன்ஜினியரிங் போல நேராக இரண்டாம் ஆண்டில் உட்கார முடியாது. முதல் ஆண்டில் இருந்துதான். மூன்று வருடம் டிப்ளமோ, ஐந்து வருடம் இது. வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

பிளஸ் ஒன்னில் குரூப்

கணக்கும் இயற்பியலும் இருக்கிற குரூப்பாக இருக்க வேண்டும். பழைய விதியில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் கட்டாயம். சில ஆண்டுகளாகத் தளர்த்தியிருக்கிறார்கள். கணிதமும் இயற்பியலும் கட்டாயம், மூன்றாவதாக வேதியியலோ கணினி அறிவியலோ உயிரியலோ இன்னும் சிலவோ இருக்கலாம், மொத்தத்தில் 45 சதவீதம் வேண்டும் என்று அண்மைக்கால நாட்டா கையேடுகள் சொல்கின்றன. மாநிலக் கவுன்சிலிங்கிலும் என்.ஐ.டி.களிலும் தகுதி விதிகள் தனித்தனி. பியூர் சயின்ஸ், காமர்ஸ், தொழிற்பிரிவு எடுத்துவிட்டு பிறகு என்னைக் கூப்பிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பத்தாவது ரிசல்ட் வந்த வாரத்திலேயே யோசிக்க வேண்டியது இது.

மூன்று கதவுகள்

முதல் கதவு நாட்டா. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்துகிற தேசிய அளவிலான திறனறித் தேர்வு, 2006இல் தொடங்கியது. இப்போதைய வடிவத்தில் மொத்தம் 200 மதிப்பெண், மூன்று மணி நேரம். 'ஏ' பகுதி 90 நிமிடம், 80 மதிப்பெண், தாளில் கையால் செய்வது. வண்ணத்தில் ஓர் அமைப்பு, கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கெட்ச், கொடுக்கிற பொருட்களை வைத்து ஒரு முப்பரிமாண உருவம். 'பி' பகுதி கணினியில், இன்னொரு 90 நிமிடம், 120 மதிப்பெண். உருவங்களைத் திருப்பிப் பார்க்கிற கேள்வி, தர்க்கம், கணக்கு, கட்டடக்கலைப் பொது அறிவு, வடிவமைப்பு உணர்வு எல்லாம் அதில் வரும். ஏப்ரல் வாக்கில் தொடங்கி சில மாதங்களுக்கு வார இறுதிகளில் நடக்கும். ஒரே ஆண்டில் ஒரு தடவைக்கு மேல் எழுதலாம், சிறந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம்.

இரண்டாவது கதவு ஜே.இ.இ. மெயின் தேர்வின் தாள் 2ஏ. 400 மதிப்பெண். கணிதம் 100, திறனறி 200, வரைதல் 100. ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு வாய்ப்பு. ஜனவரித் தேர்வுக்கு முந்தைய ஆண்டு தீபாவளிச் சமயத்திலேயே விண்ணப்பம் திறந்துவிடும். திருச்சி என்.ஐ.டி., கோழிக்கோடு என்.ஐ.டி., டெல்லி, போபால், விஜயவாடாவில் இருக்கிற ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் (எஸ்.பி.ஏ.) எல்லாம் இந்த வழிதான். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல செய்தி: ஜே.இ.இ. மெயினைத் தமிழிலும் எழுதலாம். விண்ணப்பத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழ் என்று குறிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாமல் போகலாம். நாட்டாவில் இந்த வசதி வந்ததாக நான் பார்க்கவில்லை. ஆங்கிலக் கேள்விக்கு இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஐ.ஐ.டி. காரக்பூர், ரூர்க்கி, வாரணாசி மூன்றில் பி.ஆர்க் இருக்கிறது. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேறி, அதற்கு மேல் ஏ.ஏ.டி. என்ற வரைதல் தேர்விலும் தேற வேண்டும். அட்வான்ஸ்டுக்கு ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் யோசித்தால் போதும்.

மற்ற எல்லாருக்கும் என் யோசனை: நாட்டா, தாள் 2ஏ இரண்டையும் எழுதுங்கள். தயாரிப்பு பெரும்பாலும் ஒன்றுதான். ஒன்றில் சறுக்கினால் இன்னொன்று கைகொடுக்கும். அப்புறம் ஒன்று. "மேனேஜ்மென்ட் சீட்டுல சேர்ந்தா பரிட்சை வேண்டாமாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசு கொடுத்துச் சேருகிற சீட்டுக்கும் இந்தத் தேர்வுகளில் ஒன்றில் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

தேர்வு மையத்துக்கு ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். தருமபுரியில் இருந்து ரயில் உண்டு. கிருஷ்ணகிரிக்கு ரயில் நிலையமே இல்லாததால் பஸ்தான் கதி. காலைத் தேர்வு என்றால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். பெங்களூரு எல்லைக்குள் நுழைந்த பிறகு ஆகிற நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கை பழகுவது

'படம் வரைவான்' என்று பெற்றோர் சொல்வது பெரும்பாலும் இன்னொரு படத்தைப் பார்த்து வரைவது. நடிகர் முகம், சாமி படம், மயில். அந்தத் திறமை வீண் போகாது. ஆனால் தேர்வில் கேட்பது வேறு. "பஸ் நிலையத்தில் நடைபாதைக் கடை ஒன்றின் முன் நிற்கிறீர்கள், மழை பெய்கிறது, கண்ணில் படுவதை வரையுங்கள்" என்பது போல வரும். பார்த்து எழுத எதுவும் இருக்காது. மனதில் இருக்கிற இடத்தைத் தாளில் இறக்க வேண்டும். மனதில் இடம் இருந்தால்தான் இறங்கும்.

அதனால் இடங்களைச் சேமியுங்கள். ஏ4 அளவில் ஒரு நோட்டு, 2பி, 4பி, 6பி பென்சில், ஓர் அழிப்பான். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். முதல் இரண்டு மாதம் பெட்டி வடிவங்கள் மட்டும்: தீப்பெட்டி, செங்கல், ஹாலோ பிளாக், மாம்பழப் பெட்டி. கண் மட்டத்துக்கு மேலே வைத்து ஒன்று, கீழே வைத்து ஒன்று. ஒரு புள்ளிப் பெர்ஸ்பெக்டிவ், இரண்டு புள்ளிப் பெர்ஸ்பெக்டிவ் இரண்டையும் யூடியூப்பிலேயே கற்றுக்கொள்ளலாம், கோச்சிங் தேவையில்லை. ஒரு தெருவின் நடுவில் நின்று பார்த்தால் இரண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைகளும் சன்ஷேடுகளும் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடுவது தெரியும். அது ஒரு புள்ளி. அதே தெரு முனையில் நின்று மூலை வீட்டைப் பார்த்தால் அது இரண்டு புள்ளி. இவ்வளவுதான் சூட்சுமம்.

மூன்றாம் மாதத்தில் இருந்து ஆட்களைச் சேருங்கள். ஆள் இல்லாத கட்டடத்துக்கு அளவே தெரியாது. கண் காது மூக்கு வேண்டாம், நிற்பவர், உட்கார்ந்திருப்பவர், தலையில் கூடை வைத்திருப்பவர் என்று உடலின் சாய்வு வந்தால் போதும். வாரச் சந்தை போல ஒரு பயிற்சிக்கூடம் கிடையாது. ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்தால் இருபது உருவம் கிடைக்கும். தார்ப்பாய் கட்டிய கயிறு எங்கே முடிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழலைத் தப்பான பக்கம் போட்டால் திருத்துகிறவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

வண்ணத்துக்கு கலர் பென்சில், கிரேயான். தாள் 2ஏவில் வாட்டர் கலருக்கு அனுமதி இல்லை. மூன்று வண்ணத்துக்குள் ஒரு படத்தை முடிக்கப் பழகுங்கள். இருபத்து நான்கு வண்ணப் பெட்டியில் எல்லாவற்றையும் எடுத்துப் பூசினால் ஆடி மாசத் தேர் மாதிரி இருக்கும். தேருக்கு அழகு, தாளுக்கு அல்ல.

முப்பரிமாணத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வையுங்கள். தடித்த அட்டை, ஓசியில் கிடைக்கும். அதை வெட்டி, மடித்து, செருகி, பசை இல்லாமல் நிற்கிற உருவங்களைச் செய்யுங்கள். எது விழுகிறது, எங்கே மடித்தால் நிற்கிறது என்பது இரண்டு வாரத்தில் கைக்குத் தெரிந்துவிடும். 30 நிமிட அலாரம் வைத்துச் செய்வது முக்கியம். தேர்வில் நேரம்தான் எதிரி.

நாம் நடமாடுகிற பாடப்புத்தகம்

கட்டடக்கலைப் பொது அறிவு என்றால் கோச்சிங் நோட்டில் ஒரு பட்டியல் கொடுப்பார்கள். சண்டிகர் நகரை வடிவமைத்தவர் லே கார்புசியே, அகமதாபாத் ஐ.ஐ.எம். லூயி கான், கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு இந்தியாவுக்கு முதன்முதலில் 2018இல் பி.வி. தோஷிக்கு, லாரி பேக்கர் கேரளத்தில் செங்கல்லைக் குத்தவைத்துக் கட்டும் ராட் டிராப் (எலிப்பொறி) முறையில் ஏறக்குறைய கால் பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தினார். படித்துக்கொள்ளுங்கள், தேவைதான். ஆனால் மனப்பாடம் செய்ததைக் கேள்வி கொஞ்சம் வளைந்தால் மறந்துவிடுவோம். கண்ணால் பார்த்தது அப்படிப் போகாது. நம்மிடம் பார்க்க நிறைய இருக்கிறது.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லசந்திரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வாருங்கள். பாறை மேல் வரிசையாகக் கற்திட்டைகள். நாலு பக்கமும் கற்பலகையை நிறுத்தி மேலே ஒரு பலகையை மூடியிருப்பார்கள், ஒரு பலகையில் வட்டத் துளை இருக்கும். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் அவை. சுவர், கூரை, வாசல் என்ற மூன்றும் முதன்முதலில் எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசிக்க இதைவிட நேரடியான இடம் எனக்குத் தெரியவில்லை. அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்கள்.

தருமபுரி கோட்டைக் கோயிலில் இருக்கிற தொங்கும் தூணின் அடியில் துணியை விட்டு எடுத்து அதிசயப்படுவது எல்லாரும் செய்வது. நீங்கள் மற்ற தூண்களை எண்ணுங்கள், இரண்டு தூணுக்கு நடுவே எத்தனை அடி என்று காலடியால் அளங்கள். ஏன் இவ்வளவு நெருக்கம்? கல்லை மேலிருந்து அழுத்தினால் பெரும் பாரம் தாங்கும். ஆனால் உத்தரமாகப் படுக்க வைத்தால் அதன் அடிப்பக்கம் இழுபடும், இழுவையைக் கல் தாங்காது, விரிசல் விட்டுவிடும். அதனால் உத்தரத்தின் நீளத்தைக் குறைக்கத் தூண்களை நெருக்கினார்கள். கான்கிரீட்டும் அப்படித்தான். அதன் அடிப்பக்கத்தில் கம்பி போடுவது அந்த இழுவைக்காக. உங்கள் தெருவில் ரூஃப் போடும் நாளில் சென்ட்ரிங் மேல் கம்பி எங்கே இருக்கிறது என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். தாராளமாகச் சொல்வார். கிராமத்துப் பழைய கல்பலகை வீடுகளில் அறை ஏன் குறுகல் என்பதும் அப்போது விளங்கும்.

ஆதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதான ஓவியங்கள், தருமபுரி அகழ்வைப்பகத்து நடுகற்கள், கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஏறும் படிகள் எல்லாம் நோட்டில் ஏற வேண்டியவை. இன்னொன்று, வெயில். ஓசூர் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அரூர் கீழே இருக்கிறது. இரண்டு ஊரிலும் ஒரே வீட்டு பிளானைப் போட்டுக் கட்டுகிறோம். மே மாதம் அரூர் வீட்டு மாடி அறையில் மதியம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், பி.ஆர்க்கில் 'கிளைமட்டாலஜி' என்று ஏன் ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம்

தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு பி.இ. போலவே அரசின் ஆன்லைன் கவுன்சிலிங் உண்டு. ஆனால் பி.ஆர்க்குக்குத் தனி விண்ணப்பம், தனி ரேங்க் பட்டியல். பி.இ.க்குப் பதிவு செய்துவிட்டு "அதிலேயே ஆர்க்கிடெக்சரும் வந்துடும்" என்று காத்திருந்தவர்கள் உண்டு. வராது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை இன்னொரு 200க்கு எடுத்து, மொத்தம் 400க்கு ரேங்க் போடுவார்கள். ஆக நுழைவுத் தேர்வு சரி பாதி. பிளஸ் டூ பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் தூங்கிவிட்டு, அதற்கு அடுத்த நாளில் இருந்து பென்சிலை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

என்.ஐ.டி., எஸ்.பி.ஏ. இடங்களுக்கு ஜோசா என்ற தேசிய அளவிலான கவுன்சிலிங். என்.ஐ.டி.களில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு, அதனால் திருச்சி நமக்குக் கொஞ்சம் சாதகம். பிளஸ் டூவில் பொதுப் பிரிவுக்கு 75 சதவீதம் என்ற வரம்பு அங்கே உண்டு, எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 65.

சான்றிதழ்கள்தான் கடைசி நேரத்தில் கழுத்தைப் பிடிக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவையில் போட்டு, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர வேண்டும். ஜூனில் எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவார்கள். நீங்கள் பிப்ரவரியிலேயே போட்டுவிடுங்கள். ஓசூர், தளி, பாகலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒன்று: பிள்ளையைச் சில வகுப்புகள் கர்நாடகப் பள்ளியில் படிக்க வைத்திருந்தால் பிறப்பிடச் சான்று கேட்பார்கள். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் அது வேண்டியதில்லை.

அப்புறம் இனிஷியல். நம் வழக்கத்தில் ஓரிடத்தில் 'கே', இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுதாக, ஆதாரில் வேறு மாதிரி. பத்தாவது மார்க் ஷீட்டில் இருப்பதை மூலமாக வைத்து ஆதாரை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு நாட்டா, ஜே.இ.இ., கவுன்சிலிங் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து அதையே போடுங்கள். என் சித்தி மகள் ஒருத்தி இதற்காக கவுன்சிலிங் வாரத்தில் மூன்று தடவை நோட்டரியைத் தேடி அலைந்தாள்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் பிரவுசிங் சென்டரில் நம்பர் கொடுக்கும்போது சென்டர்க்காரர் நம்பரையும் அவர் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். ஓ.டி.பி. எல்லாம் அவருக்குப் போகும், அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பார். செட்டிக்கரையில் இருக்கிற தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி, பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி இரண்டும் பொறியியல் கவுன்சிலிங்குக்கு உதவி மையங்களாக இயங்கி வந்தவை. ஆன்லைனில் எதாவது சிக்கினால் நேரில் போய்க் கேட்கலாம். இரண்டிலும் பி.ஆர்க் மட்டும் கிடையாது.

எந்தக் கல்லூரி

அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங், திருச்சி என்.ஐ.டி. இரண்டில் ஒன்று கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கட்டணம் குறைவு, சீனியர்கள் வலுவானவர்கள். மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. சென்னையில் தனியார் கல்லூரிகள் நிறைய. நம் மாவட்டத்துக்குள்ளேயே ஓசூரில் அதியமான் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க் இருக்கிறது. வேலூர் வி.ஐ.டி. தனி சேர்க்கை நடத்துகிற நிகர்நிலைப் பல்கலைக்கழகம், செலவும் அதற்கேற்ப இருக்கும். பெங்களூரு பக்கத்தில்தானே என்று ஆசைப்படுவீர்கள். அங்கே அரசு ஒதுக்கீடு கர்நாடகத்தில் படித்தவர்களுக்கு, நமக்குப் பெரும்பாலும் மேனேஜ்மென்ட் சீட்தான்.

எந்தக் கல்லூரியானாலும் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் இணையதளத்தில் அந்த ஆண்டின் அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு அனுமதி என்று நீங்களே பாருங்கள். விளம்பரப் பலகையை நம்பாதீர்கள். பிறகு ஒரு நாள் நேரில் போங்கள். சேர்மன் அறையைப் பார்க்க வேண்டாம், மாலை ஐந்து மணிக்கு மூன்றாம் ஆண்டு ஸ்டுடியோவைப் பாருங்கள். மேசைகளில் பாதி செய்த மாடல்களும் தரையில் அட்டைத் துண்டுகளும் கிடந்தால், பிள்ளைகள் இன்னும் வீட்டுக்குப் போகாமல் இருந்தால், அது உயிரோடு இருக்கிற கல்லூரி. சுவரெல்லாம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டு மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள்: டிசைன் ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை தடவை உங்கள் மேசைக்கு வருகிறார்? பயிற்சிக்கு எந்த ஆபீசுக்குப் போனீர்கள்?

பணம்

கல்லூரிக் கட்டணம் மட்டும் கணக்கு இல்லை. ஷீட், மவுன்ட் போர்டு, பிரிண்ட், மாடல் சாமான், ஸ்டடி டூர் என்று ஐந்து வருடமும் ஒழுகிக்கொண்டே இருக்கும். லேப்டாப் முதல் ஆண்டில் வாங்க வேண்டாம். முதல் ஆண்டு கையால்தான் வரையச் சொல்வார்கள். இரண்டாம் ஆண்டில் நல்ல கிராபிக்ஸ் கார்டோடு ஒன்று வாங்கினால் கடைசி வரை வரும். ஆட்டோகேட், ரெவிட் இரண்டும் மாணவர்களுக்கு இலவசம், கல்லூரி மின்னஞ்சலில் பதிந்துகொள்ளலாம். திருட்டு மென்பொருள் போட்டுத் தருகிறேன் என்று ஐநூறு ரூபாய் கேட்கிறவரிடம் ஏமாற வேண்டாம்.

அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் தனி. இந்த ஒதுக்கீட்டைப் பயன்படுத்தி நாட்டா எழுதுகிற பிள்ளைகளை நம் பக்கத்தில் நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். பென்னாகரத்திலோ அஞ்செட்டியிலோ ஆசிரியர் யாராவது இதைப் படித்தால், பிளஸ் ஒன் வகுப்பில் ஒரு தடவை சொல்லுங்கள். முதல் பட்டதாரிச் சலுகை, கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி இணையதளம் இரண்டும் மற்றவர்களுக்கு.

சேர்ந்த பிறகு

முதல் செமஸ்டரில் அழுகை வரும். பிளஸ் டூவில் சரியான விடை என்று ஒன்று இருந்தது. இங்கே இரண்டு இரவு விழித்துச் செய்த மாடலை ஆசிரியர் கையில் எடுத்து, கூரையைப் பிய்த்து, "இது இல்லாமல் யோசிச்சுப் பார்" என்பார். அதற்கு ஜூரி என்று பெயர். ஆங்கிலத்தில் எழுந்து நின்று விளக்க வேண்டும். தமிழ் மீடியத்தில் வந்தவர்கள் இதில்தான் ஒடுங்கிப்போகிறார்கள். நானும் முதல் ஜூரியில் நாலு வாக்கியத்தோடு நின்றுவிட்டேன். ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்த வழி: பேசுவதற்குப் பதில் பெரிதாக வரைந்து தொங்கவிடு, விரலால் காட்டு, ஒரு காட்டலுக்கு ஒரு வாக்கியம். இரண்டாம் ஆண்டுக்குள் பேச்சு தானாக வந்துவிட்டது.

படிப்பின் பிற்பகுதியில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சி இருக்கும், கடைசியில் தீசிஸ் என்ற இறுதி ப்ராஜெக்ட். அந்தக் கட்டத்தில் உங்களுக்கு என் குறிப்பு தேவைப்படாது. இப்போதைக்கு விடுதிப் பெட்டியில் என்ன வைப்பது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடு போடுகிற கருவியான மினி டிராஃப்டரைக் கல்லூரி சொன்ன பிறகு வாங்குங்கள், சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். கட்டர், உதிரி பிளேடு, இரும்பு ஸ்கேல், ஒரு கட்டிங் மேட். பிளேடு கீறினால் போட பிளாஸ்டர், அது கட்டாயம். அந்த ஐந்து மீட்டர் டேப்பையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் விடுதி அறையை அளந்து வரச் சொல்வார்கள், மொத்த வகுப்பும் டேப்புக்கு உங்கள் கதவைத்தான் தட்டும்.